ஒரு பொருள் வினையூக்கிதானா என்று சோதித்தறியும் முறை

ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு தூளைப் போட்டதும் நுரை பொங்கினால் அந்தத் தூளை வினையூக்கி என்று எழுதிவிடுவது பள்ளி ஆய்வகங்களில் வழக்கமாகிவிட்டது. வினையூக்கி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தி, தான் செலவாகாமல் எஞ்சும் பொருள். நுரை காட்டுவது வினையின் வேகத்தை மட்டுமே. போட்ட தூள் வினையில் தானும் கரைந்து செலவாகிவிட்டதா, வினை முடிந்த பின்னும் அப்படியே இருக்கிறதா என்பதை அது காட்டாது. இந்தக் கேள்விக்கு விடை காணும் வரை சோதனை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையக்கூடியதுதான். ஆனால் அதற்குத் தேவைப்படும் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல் என்பதால், அறை வெப்பநிலையில் அந்தச் சிதைவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக நடக்கிறது. பிளாட்டினத்தின் பரப்பில் இந்தத் தேவை 49 கிலோஜூல் அளவுக்குக் குறைகிறது. உயிரணுக்களில் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதை இன்னும் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. வினையூக்கி வினையில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நிற்பதாகப் பலர் எண்ணுவது சரியன்று. அது வினைபடு பொருளோடு தற்காலிகமாகப் பிணைந்து, குறைந்த ஆற்றலே தேவைப்படும் வேறொரு வழியைத் திறந்துவிட்டு, இறுதியில் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

மருந்துக் கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். புட்டியில் '20 வால்யூம்' என்று அச்சிட்டிருந்தால், 1 மில்லிலிட்டர் கரைசல் முழுதும் சிதைந்தால் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வரும் என்று பொருள். அதில் சம அளவு நீர் கலந்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் 50 மில்லிலிட்டரிலிருந்து அரை லிட்டர் வாயு வரும் என்பதால், பாத்திரத்தை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. 30 சதவீதக் கரைசல் தோலைச் சுட்டுவிடும். அதை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

250 மில்லிலிட்டர் முகவைகள் மூன்றில் தலா 50 மில்லிலிட்டர் கரைசல் எடுத்து, முதலாவதில் எதையும் சேர்க்காமல் விடுங்கள். இரண்டாவதில் நன்கு கழுவி உலர்த்திய மணல் அரை கிராமும், மூன்றாவதில் அதே எடையுள்ள மாங்கனீசு டை ஆக்சைடும் இடுங்கள். மணலையும் வைத்துப் பார்த்தால்தான், எந்தத் தூளைப் போட்டாலும் இப்படித்தான் பொங்குமோ என்ற ஐயம் தீரும். மூன்றாவது முகவை இரைச்சலோடு பொங்கி, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். கங்கு மட்டும் உள்ள ஊதுபத்தியை அதன் வாயருகே கொண்டுசென்றால் கங்கு பளிச்சென்று ஒளிரும். பழைய பேட்டரியை உடைத்து அதன் கறுப்புத் தூளைப் பயன்படுத்தச் சிலர் சொல்வதுண்டு. அதில் கரித்தூளும் உப்புகளும் கலந்திருப்பதால் எடை பார்க்கும் சோதனைக்கு அது உதவாது.

குமிழிகள் அடங்கிய பிறகு, முன்கூட்டியே எடை பார்த்து வைத்த வடிதாளில் கலவையை வடிகட்டி, தூளை நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, மீண்டும் எடை போடுங்கள். முகவையின் சுவரில் ஒட்டியது போகச் சிறிதளவு குறையலாமே தவிர, எடை ஏறத்தாழ அப்படியே இருக்கும். அதே தூளைப் புதிய கரைசலில் இட்டால் மறுபடியும் பொங்க வேண்டும்.

இப்போது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஓரிரு படிகங்களைப் புதிய கரைசலில் போட்டுப் பாருங்கள். நுரை இங்கும் வரும். ஆனால் ஊதா நிறம் மறைந்து பழுப்பு வீழ்படிவு தங்கும். பெர்மாங்கனேட் பெராக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்து தான் செலவாகிவிட்டது. ஆகவே அது வினையூக்கி அன்று. வேடிக்கை என்னவென்றால், எஞ்சிய அந்தப் பழுப்பு வீழ்படிவு மாங்கனீசு டை ஆக்சைடேயாகும்; எஞ்சிய பெராக்சைடைச் சிதைக்கும் வேலையை அது ஏற்றுக்கொள்கிறது. பச்சை உருளைக்கிழங்குத் துண்டு கேட்டலேஸ் இருப்பதால் நுரைக்கும். வேகவைத்த துண்டில் நொதியின் வடிவம் குலைந்துவிடுவதால் நுரைக்காது.

வினையூக்கி செலவாகாது என்பதால் அது கெடாது என்று பொருளில்லை. கார்களின் புகைப்போக்கியில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றியில், பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாக மாற்றுகிறது. பெட்ரோலில் ஈயம் இருந்தால் அது இந்த உலோகங்களின் பரப்பை மூடிச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால்தான் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு மாற்றி கட்டாயமானபோது, ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது.

வினையூக்கியிடம் எதிர்பார்க்கக் கூடாத ஒன்றும் உண்டு: அது சமநிலையை, அதாவது வினை இறுதியில் எவ்வளவு விளைபொருள் தரும் என்பதை, நகர்த்தாது. அம்மோனியா தயாரிப்பில் தாழ்ந்த வெப்பநிலைதான் அதிக விளைச்சலுக்கு ஏற்றது. ஆனால் அந்த வெப்பநிலையில் இரும்பு வினையூக்கிகூடப் போதிய வேகம் தருவதில்லை. அதனால் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் வினையை நடத்தி, உருவான அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்தெடுத்து, வினைபுரியாத நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மீண்டும் மீண்டும் உலைக்குள் செலுத்துகிறார்கள்.