கேழ்வரகுக் கூழைத் தண்ணியாகக் காய்ச்சாதீர்கள்

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் பல வீடுகளில் முதலில் அடுப்பேறுவது கேழ்வரகுக் கூழ்தான், கூடவே "தண்ணியா காய்ச்சு, அப்பதான் செரிக்கும்" என்ற அறிவுரையும் வந்துவிடும். என் மூத்தவனுக்கு அப்படித்தான் கொடுத்தேன். கிண்ணம் காலியாகும், ஆனால் இரண்டு மாதமாக எடை அசையவே இல்லை. 7 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும், அதைத் தண்ணீரே நிரப்பிவிட்டால் மாவுக்கு இடம் ஏது?

சரி, கெட்டியாகக் கொடுக்கலாம் என்றால் அது களியாகிவிடும், பிள்ளை துப்பும். இதற்குத்தான் முளைகட்டுவது. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது, அது மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்கும். முளைகட்டினால் இரும்பு, துத்தநாகம் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட்டும் குறையும்.

கேழ்வரகைக் கல் அரித்துக் கழுவி ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து வந்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை தெரியும். வழுவழுப்போ கெட்ட வாடையோ வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், பார்த்துப் பயனில்லை. நன்றாகக் காயவைத்து, முறத்தில் தேய்த்து முளையைப் புடைத்தெடுத்து, அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வாசனை வரட்டும் என்று கருக வறுத்தால் அந்த நொதி செத்துப்போகும்.

இப்போது என் அம்மாவே நம்பாத வேடிக்கை. சாதாரண கேழ்வரகு மாவை முதலில் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கெட்டியாகக் காய்ச்சி இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போது அரை ஸ்பூன் முளைமாவைப் போட்டுக் கிளறினால், கரண்டி நிற்கிற களி சில நிமிடத்தில் இளகிவிடும். மாவு குறையவில்லை, கூழ் மட்டும் தளர்ந்திருக்கிறது. மறுபடி அடுப்பிலேற்றி நன்றாக ஒரு கொதி விடுங்கள், முளைமாவில் கிருமி இருக்கலாம், அதனால் இதைத் தவறவிடக் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெதுவாக விழும் பதம் போதும். அரை ஸ்பூன் நெய் விடலாம். உப்பு, சர்க்கரை ஒரு வயதுவரை வேண்டாம், தேன் கூடவே கூடாது.

முதல் வாரம் இரண்டு மூன்று ஸ்பூன், எட்டு மாத வாக்கில் 250 மில்லி கிண்ணத்தில் பாதி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. தாய்ப்பால் எப்போதும்போலத் தொடரட்டும்.

கூழ் ஆரம்பித்ததும் மலத்தின் நிறமும் நாற்றமும் மாறும், காற்றும் பிரியும், உடனே பயந்து நிறுத்தாதீர்கள். அதுவரை பாலை மட்டும் நம்பி வாழ்ந்த குடல் பாக்டீரியாக்களுக்குப் புதுச் சாப்பாடு வந்திருக்கிறது: சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பெருங்குடலுக்குப் போய், அங்கே நொதித்து, குடல்சுவரின் செல்களுக்கே உணவாகும் கொழுப்பமிலங்களைத் தருகின்றன. மலம் புழுக்கை மாதிரி இறுகினால் கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம், மசித்த பப்பாளி கொடுத்துப் பாருங்கள். மலத்தில் ரத்தம், விடாத வாந்தி என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

கேழ்வரகில் கால்சியம் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அதில் குறையே சொல்ல முடியாது. இரும்புக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். பிறக்கும்போது சேமித்து வந்த இரும்பு ஆறு மாதத்தில் தீர ஆரம்பிக்கும், அதனால் மசித்த பருப்பு, முட்டை, அசைவ வீடென்றால் ஈரல் என்று சீக்கிரமே சேருங்கள். ஆரஞ்சுச் சாறு இரண்டு ஸ்பூன் கூடக் கொடுத்தால் தானிய இரும்பு நன்றாகச் சேரும்.

பதினாறு தானியச் சத்துமாவை முதல் நாளே ஊட்டாதீர்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் தடித்தால் பதினாறில் எதைச் சந்தேகப்படுவது? ஒன்றைக் கொடுத்து மூன்று நாள் பாருங்கள், பிறகு அடுத்தது. மாதாமாதம் அங்கன்வாடியில் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள், கோடு படுத்துவிட்டால் முதலில் கூழின் பதத்தைப் பாருங்கள்.