புல்தரையைக் குறைக்கும்போது செய்யக்கூடாதவை

கடலூரும் புதுச்சேரியும் வறண்ட பூமி இல்லை. ஆனால் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மாசிக்குப் பிறகு எல்லாம் போர் தண்ணீர்தான். கோடையில் நாளுக்கு 5 மி.மீ. நீர் என்று கணக்கிட்டாலும் ஒரு சென்ட் புல்லுக்குச் சுமார் 200 லிட்டர் வேண்டும். ஐந்து சென்ட் என்றால் தினமும் 1,000 லிட்டர் டேங்க் ஒன்று காலி. கடலோரத்தில் இப்படி இறைத்துக்கொண்டே போனால் போரில் உப்பு ஏறும்.

அதற்காகப் புல்லைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஐப்பசி மழை மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடும், முற்றமும் அனலாய்க் கொதிக்கும். பிளாஸ்டிக் ஷீட் விரித்து மேலே ஜல்லி கொட்டுவதும் கிட்டத்தட்ட அதே கதை.

மண்வெட்டியால் மேலாகச் செதுக்கினால் போதாது. அருகம்புல் ஒரு கணு மிஞ்சினாலும் திரும்பும். சித்திரையில் மண்ணை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட்டால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து ஆறு வாரம் விடுங்கள். கோரை மட்டும் இதற்கும் மசியாது. அதைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

மாற்றாக நடுவதற்குப் பொடுதலை நல்லது; தரையோடு படரும், ஓரளவு உப்பும் தாங்கும். கணுவுள்ள துண்டுகளை ஓரடி இடைவெளியில் புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் மழையே வளர்த்துவிடும். சித்திரையில் நட்டுவிட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றுவதில் என்ன மிச்சம்? பூக்கும்போது தேனீ வரும், வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகள் கவனம். நர்சரியில் மஞ்சள் பூவோடு நீட்டும் சிங்கப்பூர் டெய்சி வேண்டாம். அடுத்த மனைக்கும் ஏறிவிடும்.

மிச்சம் வைக்கும் புல்லுக்குத் தினமும் லேசாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். நேர்ச்சுவர் டம்ளர்கள் ஐந்தைப் பரப்பி வைத்து ஸ்பிரிங்ளரை 15 நிமிடம் ஓட்டி, விழுந்த நீரை ஸ்கேலால் அளந்து பாருங்கள்; எவ்வளவு நேரம் ஓட்டினால் போதும் என்பது அதிலிருந்து தெரியும். செம்மண்ணில் மூன்று நாளுக்கொரு முறை 15 மி.மீ. சரி. கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினம் பக்க மணலில் அதில் ஒரு பகுதி வேருக்குக் கீழே போய்விடும், பிரித்து விடவும். பிற்பகலில் கடல்காற்று தெளிப்பை வேலிக்கு வெளியே தள்ளும், விடிகாலைதான் நேரம்.

ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஆர்ஓ கழிவுநீர், வாஷிங் மெஷின் தண்ணீர் இரண்டிலும் உப்பு அதிகம், புல்லுக்கு விடாதீர்கள். வைகாசியில் அருகு பழுப்பதைப் பார்த்து யூரியா போட ஓடவும் வேண்டாம். அது உறக்கம், முதல் நல்ல மழையில் துளிர்த்துவிடும்.