எல்விடிஎஸ் ஜோடியில் லெவல் சரியில்லையா? ஐ.சி.யை மாற்றுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

இரண்டு போர்டுகளுக்கு நடுவே எல்விடிஎஸ் ஜோடி (குறைந்த வோல்ட்டேஜ் வித்தியாசத்தில் டேட்டா அனுப்பும் இரு கம்பிகள்) ஓடுகிறது, டேட்டா பிழையாக வருகிறது என்றதும் பலர் நேராக ஐ.சி.யைக் கழற்றுகிறார்கள். அதற்குத் தேவையே இருக்காது. டிரைவர் (சிக்னலை அனுப்பும் ஐ.சி.) சுமார் 3.5 மில்லிஆம்பியர் கரண்டை ஒரு கம்பியில் அனுப்பி மறு கம்பியில் திரும்ப வாங்குகிறது. ரிசீவர் பக்கம் உள்ள 100 ஓம் ரெசிஸ்டரில் அந்தக் கரண்ட் 350 மில்லிவோல்ட்டை உண்டாக்குகிறது. இரு கம்பிகளின் சராசரி 1.2 வோல்ட் அளவில் நிற்கும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், தப்பாக வரும் எண்ணே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும்.

முதல் தவறு அளப்பதிலேயே நடக்கிறது. ஒரே புரோபை எடுத்து, முனையை பாசிட்டிவ் கம்பியிலும் கிரவுண்ட் கிளிப்பை நெகட்டிவ் கம்பியிலும் மாட்டாதீர்கள். ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்ட் மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தது. போர்டின் கிரவுண்டும் எர்த்தில் இருந்தால் நெகட்டிவ் கம்பி அப்படியே ஷார்ட் ஆகிவிடும். டிஃபரென்ஷியல் புரோப் இல்லையென்றால் இரண்டு புரோப் வைத்து, மேத் வசதியில் முதல் சேனலிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அப்போது அலை +350க்கும் −350க்கும் நடுவே ஆடும். உச்சிக்கு உச்சி 700 மில்லிவோல்ட் காட்டும். அதைப் பார்த்து லெவல் இரட்டிப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், அதுதான் சரியான அளவு. அளக்கும் இடம் ரிசீவர் பின்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். டிரைவர் பக்கம் சரியாகத் தெரிவது எதையும் நிரூபிக்காது.

மல்டிமீட்டரில் பார்ப்பதானால் லைனை ஒரே நிலையில் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். ஒரு கம்பியில் ஏறத்தாழ 1.375, மற்றதில் 1.025 வோல்ட் வரும். கிளாக் ஓடும்போது அளந்தால் இரண்டிலும் 1.2தான் தெரியும்.

இனி, அதிகம் சிக்கவைக்கிற இடம் டெர்மினேஷன், அதாவது ரிசீவர் பக்கம் உள்ள அந்த 100 ஓம். வித்தியாசம் 350க்குப் பதில் 175 மில்லிவோல்ட் அளவில் நின்றால், ஜோடியின் குறுக்கே இரண்டு 100 ஓம் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். போர்டில் ஒன்று சால்டர் செய்திருப்பார்கள். எஃப்பிஜிஏவின் (உள் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) உள் டெர்மினேஷனையும் டிசைனில் இயக்கி வைத்திருப்பார்கள். பவரை நிறுத்தி ஓம் மீட்டரில் அளந்தால் 100 ஓம் என்றே காட்டி ஏமாற்றும், ஏனென்றால் உள்ளே இருப்பது சிப் இயங்கும்போதுதான் வேலை செய்யும். எனவே பின் அமைப்புகள் எழுதியிருக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஸைலிங்க்ஸ் 7 சீரிஸ் எஃப்பிஜிஏவின் எச்.ஆர். பேங்கில் (ஒரு வகைப் பின் தொகுதி) இந்த உள் டெர்மினேஷனை நம்புவதென்றால் விசிசிஓ (அந்தப் பின்களின் சப்ளை) 2.5 வோல்ட்டாக இருந்தே ஆக வேண்டும்.

ரெசிஸ்டரே இல்லாவிட்டால் நேர்மாறு: கரண்ட் போக வழியின்றி அலை பெரிதாக வீங்கும், விளிம்புகளில் ரிங்கிங் (அலை அதிர்ந்து அடங்குவது) தெரியும். சிக்னல் பலமாக இருக்கிறது என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு.

இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி அலை, கழித்தால் கிட்டத்தட்ட சுழியம் என்றால், ஒரு கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த பக்கம் 100 ஓம் வழியே மற்றதைப் பின்தொடர்கிறது. கனெக்டர் பின்னையும் அதன் சால்டரையும் முதலில் சோதியுங்கள்.

வித்தியாசம் குறையவில்லை, ஆனால் சராசரி 1.2ஐ விட்டு விலகி நிற்கிறதா? எல்விபெக்ல் (வேறு லெவலில் இயங்கும் இன்னொரு டிஃபரென்ஷியல் வகை) டிரைவரை நேராக எல்விடிஎஸ் ரிசீவருக்குக் கொடுத்திருக்கலாம், 3.3 வோல்ட் சப்ளையில் அதன் சராசரி 2 வோல்ட் அளவில் இருக்கும், ஆட்டமும் அதிகம். கப்பாசிட்டர் வைத்துப் பிரித்தால் தீரும், ஆனால் பாதி வேலையோடு நிறுத்தக் கூடாது. கப்பாசிட்டருக்கு அப்பால் டி.சி. மட்டத்தைப் பிடித்துவைக்க எதுவும் கிடையாது. ரிசீவருக்குள்ளேயே அந்த மட்டத்தைத் தரும் பயாஸ் இல்லையென்றால் 100 ஓமை இரண்டு 49.9 ஓமாகப் பிரித்து, நடுப்புள்ளியை 1.2 வோல்ட்டில் கட்டுங்கள். கிளாக்குக்கும், 0, 1 இரண்டும் சமமாக வரும்படி குறியீடு செய்த 8பி/10பி டேட்டாவுக்கும் இது போதும். நீண்ட நேரம் ஒரே நிலையில் நிற்கும் கன்ட்ரோல் லைனுக்குக் கப்பாசிட்டர் ஒத்துவராது.

போர்டுகளுக்கு நடுவே கிரவுண்ட் கம்பி மெலிதாக இருந்தாலும் சராசரி நகரும். வழக்கமான ரிசீவர் ஏறத்தாழ ஒரு வோல்ட் வரை கிரவுண்ட் வேறுபாட்டைத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கேபிளில் சிக்னல் ஜோடிகளுக்கு அருகிலேயே கிரவுண்ட் பின்கள் ஒதுக்குங்கள். லெவல் எல்லாம் சரியாக இருந்தும் டேட்டா தலைகீழாக வந்தால் ஜோடியின் இரு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன; எஃப்பிஜிஏவுக்குள் இன்வெர்ட் செய்தால் போதும், டிராக்கை வெட்ட வேண்டியதில்லை.