ஆன்டிவைரஸ் இணைய வேகத்தைக் குறைக்கிறதா? பழி போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடுகளுக்குச் சென்று கணினியையும் இணைய இணைப்பையும் சரிசெய்யும் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களைக் கவனித்து வருகிறேன். வாடிக்கையாளர் "நெட் ரொம்ப ஸ்லோ" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கை ஆன்டிவைரஸை நிறுத்தப் போய்விடுகிறது. எங்கள் தலைமுறையும் இப்படித்தான் தொடங்கியது. அன்றைய கணினிகளின் வலுவுக்கு அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. இன்று அந்த நியாயம் இல்லை. பாதுகாப்பு மென்பொருள் உங்கள் வீட்டுக்கு வரும் லைனின் வேகத்தைத் தொடுவதில்லை. லைன் வழியே வந்து சேர்ந்ததைச் சோதிக்கக் கணினியின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. சந்தாவைப் புதுப்பிக்க மறப்பது, ரூட்டரை ஒருமுறைகூட அணைத்துப் போட்டுப் பார்க்காதது போன்ற, எவருக்கும் தெரிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மெகாபிட்டை மெகாபைட் என்று படிப்பது

எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். இதில் ஆன்டிவைரஸுக்கு வேலையே இல்லை.

ஸ்பீட் டெஸ்ட் ஒன்றையே நம்புவது

ஸ்பீட் டெஸ்ட் இறக்கும் தரவு, சேமிக்க வேண்டிய கோப்பு அன்று, அளந்தவுடன் கழிந்துவிடும். நீங்கள் உண்மையில் இறக்கும் கோப்பு வட்டில் எழுதப்படும்போதும், அதை விரித்து நிறுவும்போதும் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு துண்டையும் பார்க்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இணையம் சும்மா இருக்க, வட்டு மட்டும் 100 சதவீதத்தில் நிற்பதைக் காணலாம். இந்தத் தாமதத்துக்கு மருந்து எஸ்எஸ்டி என்னும் வேகமான வட்டு. கூடுதல் வேகமுள்ள திட்டத்துக்கு மாறுவதால் பயன் இல்லை.

பக்கங்கள் திறப்பதில் மட்டும் தாமதம் என்றால் வேறோர் இடத்தைப் பார்க்க வேண்டும். பல ஆன்டிவைரஸ்கள் கணினியில் தம்முடைய மூலச் சான்றிதழ் (தளங்களை நம்பலாம் என்று பிரௌசருக்கு உறுதி சொல்லும் கோப்பு) ஒன்றை நிறுவி, பிரௌசருக்கும் இணையதளத்துக்கும் நடுவில் அமர்ந்து, மறையாக்கப்பட்ட (என்க்ரிப்ட் செய்யப்பட்ட) தரவைப் பிரித்துச் சோதித்து, மீண்டும் மறையாக்கி அனுப்புகின்றன. முகவரிக்கு அருகிலுள்ள குறியைச் சொடுக்கிச் சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். அங்கே ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் இந்தச் சோதனை நடக்கிறது என்று பொருள். வலுக்குறைந்த கணினியில் இது உணரக்கூடிய தாமதத்தைத் தரும். வேகத்தைவிடப் பெரிய கவலையும் இதில் உண்டு: கூகுள், மொசில்லா, கிளவுட்ஃப்ளேர் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி இடைமறிக்கும் மென்பொருள்களில் பலவும் இணைப்பின் பாதுகாப்பையே பலவீனப்படுத்துவதாகக் காட்டியது. ஆகவே இந்த ஒரு வசதியை மட்டும் நிறுத்த நான் தயங்குவதில்லை.

ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு, நிரந்தரமாக நிறுத்திவிடுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான்.

ஜிஎஸ்டி கணக்குகளை வீட்டிலிருந்தே பார்த்துவந்த ஒருவர் 200 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருந்தார். மேசைக் கணினியில் வேகம் 94ஐத் தாண்டவே இல்லை. போய்ப் பார்த்த இளைஞர் கேபிளைக் கழற்றி, வைஃபையில் இணைத்து ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினார், 40 வந்தது. விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்தி மீண்டும் ஓட்டினார், 60 வந்தது. "பாருங்க சார், எல்லாம் இந்த ஆன்டிவைரஸ் பண்ற வேலை" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், மாலை நேரத்தில், பக்கத்து வீட்டு ரூட்டர்கள் அனைத்தும் அதே அலைவரிசையில் இயங்கும்போது, எதையும் மாற்றாமல் அடுத்தடுத்துச் சோதித்தாலே இந்த அளவு வேறுபாடு வரும். ஒரே நிலையில் பலமுறை அளந்து, நிறுத்தியும் இயக்கியும் மாறி மாறிப் பார்க்காமல் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடுவது சோதனை ஆகாது. போதாததற்கு டிஃபெண்டர், மேலே சொன்ன சான்றிதழ் இடைமறிப்பைச் செய்வதே இல்லை.

இதற்கு மேல் அவர் செய்ததுதான் விலை மிகுந்தது. டிஃபெண்டரை அமைப்புகளில் நிறுத்தினால் சிறிது நேரத்தில் விண்டோஸ் அதைத் தானே மீண்டும் இயக்கிவிடும். அதை அறிந்திருந்த அந்த இளைஞர், சி டிரைவ் முழுவதையும், சோதிக்க வேண்டாம் என்று சொல்லும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கிளம்பினார். விலக்குப் பட்டியலில் ஒரு டிரைவையே சேர்த்துவிட்டால் ஆன்டிவைரஸ் இயங்குவதாகப் பச்சைக் குறி காட்டிக்கொண்டே இருக்கும்; அந்த டிரைவுக்குள் எது வந்தாலும் பார்க்காது. வாயிற்காவலரைக் கண்ணைக் கட்டி நாற்காலியில் உட்கார வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. காவலரே இல்லாத வீட்டுக்காரராவது எச்சரிக்கையாக இருப்பார்.

சில மாதங்களில் அந்த வீட்டுப் பையன் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளைக் கிராக் செய்த வடிவில் இறக்கினான். அதனுடன் ஸ்டாப் எனப்படும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகை உள்ளே வந்தது. வீட்டுக் கணினிகளை இது பெரும்பாலும் கிராக் மென்பொருள் வழியாகத்தான் பிடிக்கிறது. கணக்குக் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டன. பேக்கப் எடுத்துவைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் கணினியிலேயே செருகியிருந்ததால் அதுவும் போயிற்று. இந்த வகைக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது உண்மை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட்டுக்குப் பின் வந்த புதிய வடிவங்கள், ஒவ்வொரு கணினிக்கும் தனித் திறவுகோலை இணையம் வழியே பெற்றுப் பூட்டியிருந்தால், அக்கருவியால் பயன் இல்லை. இவருக்கு அப்படித்தான் ஆயிற்று.

94 என்ற எண்ணைப் பார்த்தவுடனேயே அந்த இளைஞருக்குக் காரணம் விளங்கியிருக்க வேண்டும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்கு லேன் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிகளே போதும்; அதற்குத் தேவைப்படாத மற்ற இரண்டில் ஒன்று அறுந்தால் பெரும்பாலான கணினிகள் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். அதில் கைக்குக் கிடைப்பது 94, 95தான். நெட்வொர்க் அடாப்டரின் நிலையைத் திறந்து பார்த்தாலே 100 என்று எழுதியிருக்கும். சில ரூபாய் விலையுள்ள கனெக்டரை மாற்றி கிரிம்ப் செய்ததும் 200 வந்தது. அப்போது அந்தக் கணினியில் கணக்குகள் இல்லை.

இரண்டு ஆன்டிவைரஸ் போடுவது

வேண்டாம்.

வேறோர் ஆன்டிவைரஸ் வந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வாங்கிய இரண்டு அப்படி ஒன்றுக்கொன்று வழிவிடுவது அரிது.

விபிஎன் ஓடுவதை மறப்பது

பாதுகாப்பு மென்பொருளால் இணையம் உண்மையாகவே மெதுவாகும் இடம் இதுதான். பல தொகுப்புகள் விபிஎன்னையும் சேர்த்தே தருகின்றன. கணினியை இயக்கியதும் அது தானாக இணைந்து, எல்லாத் தரவையும் வேறொரு நாட்டு சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரச் செய்தால், ஸ்பீட் டெஸ்டில் எண் சரிவதும் பிங் (பதில் வர ஆகும் நேரம்) ஏறுவதும் இயல்பு. ஆன்டிவைரஸைக் கழற்றும் முன் விபிஎன்னை மட்டும் துண்டித்துப் பாருங்கள்.

அரைகுறையாகக் கழற்றுவது

கன்ட்ரோல் பேனலில் நீக்கிய பிறகும் சில ஆன்டிவைரஸ்களின் நெட்வொர்க் ஃபில்டர் டிரைவர்கள் (இணையத் தரவை இடையில் சோதிக்கும் சிறு மென்பொருள்கள்) தங்கிவிடும். "ஆன்டிவைரஸை எடுத்த பிறகுதான் நெட் இன்னும் மோசம்" என்று சொல்பவர் வீட்டில் நான் முதலில் திறப்பது நெட்வொர்க் அடாப்டரின் பண்புகள் பட்டியலை. போனதாக நினைத்த மென்பொருளின் பெயர் அங்கே இன்னும் இருக்கும். பெரிய நிறுவனங்கள் பலவும் இதற்கென்றே தனி நீக்கக் கருவியை இலவசமாகத் தருகின்றன.

மாதக் கடைசியில் சோதிப்பது

முதலில் எஃப்யூபி வரம்பு, அதாவது தாண்டினால் நிறுவனம் வேகத்தைக் குறைத்துவிடும் மாத டேட்டா அளவு, தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

குற்றம் உறுதியான பிறகும் முழுதாக நிறுத்துவது

கேபிளில் இணைத்து, பலமுறை அளந்து, காரணம் ஆன்டிவைரஸ்தான் என்று தெளிவான பின்னும் நிகழ்நேரப் பாதுகாப்பில் கை வைக்க வேண்டியதில்லை. முழு ஸ்கேனை நீங்கள் கணினியைப் பயன்படுத்தாத நேரத்துக்கு மாற்றுங்கள். மறையாக்கத் தரவின் சோதனையை நிறுத்துங்கள். விலக்கு தேவை என்றால், மெதுவாகும் அந்த ஒரு மென்பொருளின் கோப்புறையை மட்டும் சேருங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதன் பிறகும் கணினி திணறினால் அந்த ஆன்டிவைரஸை முறையாக நீக்கிவிட்டு டிஃபெண்டருக்குத் திரும்பலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும்.