கொள்கைப் பிரிவுக்கு வரும் இளம் டாக்டர்களே, இதையெல்லாம் செய்யாதீர்கள்

தடுப்பு மருத்துவம் முடித்த இளம் டாக்டர்கள் சிங்கப்பூர் அரசாங்கத்தின் சுகாதாரக் கொள்கை வேலைக்கு ஃபெலோஷிப்பில் வருவார்கள், கொஞ்ச காலம் இருப்பார்கள், மறுபடி மருத்துவமனைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போய்விடுவார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவர்களுடைய வரைவுகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. ஆள் மாறுகிறது, தவறு மாறுவதில்லை. எங்கள் காலத்தில் நாங்கள் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். நேரத்துக்கு வா, மின்னஞ்சலுக்குப் பதில் போடு, எக்செலில் கூட்டலைச் சரிபார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முடிவெடுத்த பிறகு வந்து சேரும் முழுமையான ஆய்வு

சிங்கப்பூரில் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம், அதைத் தொடர்ந்து ஒவ்வோர் அமைச்சின் செலவையும் நாடாளுமன்றத்தில் விவாதிப்பார்கள். பணம் கேட்கும் யோசனை எதுவானாலும் அதற்குப் பல மாதம் முன்பே மேசைக்கு வந்திருக்க வேண்டும். இது தெரியாமல் ஜனவரியில் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் அறுபது பக்க மெட்டா அனாலிசிஸைக் கொண்டுவந்து நீட்டினால், பாராட்டுவார்கள், நன்றி சொல்வார்கள், அலமாரியில் வைப்பார்கள். வந்த முதல் வாரமே மூன்று கேள்வி கேளுங்கள்: இதை முடிவு செய்வது யார், எப்போது, அவர் முன்னால் இருக்கும் வழிகள் என்னென்ன? பதில் கிடைத்தால் இரண்டு பக்கமே போதும்.

நோயைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அதிகம் செலவு வைப்பதும் இதுதான்.

சமீபத்தில் ஒருவர் வந்தார். கெட்டிக்காரர், பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம், தமிழும் நன்றாக வரும். நம் சமூகத்தில் நடுத்தர வயதுக்காரர்களுக்கு வார இறுதிகளில் லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலைப் பக்கம் மண்டபம் மண்டபமாக நீரிழிவுப் பரிசோதனை நடத்தலாம் என்று ஒரு திட்டம் போட்டார். காரணம் நியாயமானது. 2010-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுக்குள் நீரிழிவு உள்ளவர்கள் 11.3 விழுக்காடு, இந்தியர்களிடையே மட்டும் 17.2 விழுக்காடு. திட்டத்துக்கு வண்ண வண்ணப் பெட்டிகளோடு ஒரு வரைபடமும் இருந்தது: பதிவு, விரல் நுனியில் ஊசி, அளவு, ஆலோசனை. கடைசிப் பெட்டியில் ‘குடும்ப மருத்துவரிடம் அனுப்புதல்’. அந்தப் பெட்டியிலிருந்து வெளியே ஓர் அம்புக்குறிகூடக் கிடையாது.

“இதுக்கு அப்புறம் என்ன தம்பி?” என்றேன்.

“அப்புறம் அவங்க டாக்டர் பார்த்துக்குவார்ண்ணே.”

எந்த டாக்டர்? முன்பொரு முகாமில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் விரலை நீட்டினார். சர்க்கரை லிட்டருக்கு 14 மில்லிமோல் என்று காட்டியது, 11.1 என்றாலே கவலைப்பட வேண்டிய அளவு. மருத்துவரைப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதை நான்காக மடித்து, சட்டைப்பையில் 4டி லாட்டரிச் சீட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போனார். பாதுகாவலர் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஏற்பாட்டாளர்களின் அறிக்கையில் அவர் ‘பரிசோதிக்கப்பட்டவர்’ பத்தியில் ஏறியிருப்பார். பிறகு அவருக்கு என்ன ஆனது என்று கேட்டால் சொல்ல யாருமில்லை.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு 10,000 பேரைச் சோதிக்கிறீர்கள், அதில் 200 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 80 விழுக்காட்டைச் சோதனை பிடிக்கிறது, இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடுகிறது. பிடிபடும் உண்மையான நோயாளிகள் 160, வீணாகக் கலங்கப்போகிறவர்கள் 980. மொத்தம் 1,140 பேருக்கு மறுபரிசோதனை வேண்டும். யார் எடுப்பது, எந்தக் கிளினிக்கில், யார் காசில்? நம் தம்பியின் செலவுப் பட்டியலில் ஊசி, சோதனைப் பட்டை, மண்டப வாடகை, டி-ஷர்ட் எல்லாம் இருந்தன. இந்த 1,140 பேருக்கு ஒரு வரிகூட இல்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கான மலச் சோதனையும் அப்படித்தான். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பெட்டி மலிவு, அதில் ரத்தம் தெரிந்தால் தேவைப்படும் கொலனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, மலிவில்லை, இடமும் உடனே கிடைக்காது.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1968-இலேயே உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட, நோய்ப் பரிசோதனைத் திட்டங்களுக்கான வில்சன்–யுங்னர் விதிகள் பத்திலும் சோதனை நல்லதா என்பதைவிட, சிகிச்சை இருக்கிறதா, அதைக் கொடுக்க வசதி இருக்கிறதா, யாருக்குச் சிகிச்சை கொடுப்பது என்று ஒப்புக்கொண்ட கொள்கை இருக்கிறதா என்ற கவலைதான் அதிகம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள்தான் இங்கே வந்ததும் மறந்துவிடுகிறார்கள். தென்கொரியாவில் தைராய்டை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் பழக்கம் பரவி, 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் அசையவே இல்லை. ஜப்பானில் பச்சிளங்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றுக்கட்டியைத் தேடும் திட்டத்தை 1980-களில் ஆரம்பித்தார்கள். தானாகவே மறைந்திருக்கக்கூடிய கட்டிகளுக்கெல்லாம் சிகிச்சை நடந்தது. 2004-இல்தான் நிறுத்தினார்கள். ஆரம்பிக்க ஒரு நல்ல உரை போதும், நிறுத்துவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

நம் ஊரில் சரியாகச் செய்ததும் இருக்கிறது. 2017 செப்டம்பரில் ‘ஸ்கிரீன் ஃபார் லைஃப்’ என்ற தேசியப் பரிசோதனைத் திட்டத்தின் கட்டணத்தை மாற்றியபோது தகுதியுள்ள சிங்கப்பூரர்களுக்கு அதிகபட்சம் 5 வெள்ளி என்றார்கள், முன்னோடித் தலைமுறை எனப்படும் மூத்தவர்களுக்கு இலவசம். எல்லாரும் அந்த 5 வெள்ளியைப் பற்றியே பேசினார்கள். என்னைக் கேட்டால் அதில் முக்கியமானது வேறு: தேவைப்பட்டால் பரிசோதனைக்குப் பிந்தைய முதல் ஆலோசனையும் அந்தக் காசுக்குள்ளேயே அடக்கம். பெட்டியிலிருந்து வெளியே போகும் அம்புக்குறிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசியத் திட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், முதலில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள், பரிசோதனை அவர் வழியாக நடக்கும் என்று வரிசையையே திருப்பிப் போட்டது.

இன்னொன்று. அதே மண்டபத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. விடுதியில் தங்கும் ஊழியர்களுக்கும் கட்டுமானத் துறை ஊழியர்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் முதலாளி அடிப்படை மருத்துவத் திட்டம் வாங்கித்தர வேண்டும்; அவர்களுக்குக் கிளினிக் வேறு, பணம் கொடுப்பவர் வேறு. ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு தமிழர்களுக்கு இரண்டு வரைபடம் தேவை. தம்பியிடம் இருந்தது ஒன்று, அதுவும் அரைகுறை.

நான் சொன்னது இவ்வளவுதான்: வரைபடத்தைக் கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்கி பின்னோக்கி வரையுங்கள். சீட்டு வாங்கியவர் வராவிட்டால் யார் போன் செய்வார், எந்த மொழியில் பேசுவார் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும் மண்டபத்தைப் பதிவு செய்யுங்கள்.

“என் பேஷன்ட் ஒருத்தர்...” என்று ஆரம்பிப்பது

ஒரு கூட்டத்தில் ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம்.

வரைவை வாட்ஸ்ஆப்பில் நண்பர்களுக்கு அனுப்புவது

அதிகாரத்துவ ரகசியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

ரவுண்ட்ஸ் குரல்

வார்டில் ரவுண்ட்ஸ் போய் நோயாளிகளைப் பார்க்கும்போது நீங்கள் சொன்னால் நடக்கும். இங்கே எதிரே உட்கார்ந்திருப்பவர் பொருளாதாரம் படித்த இருபத்தாறு வயதுப் பெண். மானிய விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். “கிளினிக்கலா இதுதான் சரி” என்று குரலை உயர்த்தினால் அவர் வாக்குவாதம் செய்யமாட்டார், புன்னகையோடு குறித்துக்கொள்வார். அடுத்த கூட்டத்துக்கு உங்களுக்கு அழைப்பு வராது.

விதிவிலக்கைப் பார்த்ததும் கோழைத்தனம் என்பது

சர்க்கரை, நிறைகொழுப்பு அளவைப் பார்த்து ஏ முதல் டி வரை எழுத்து தரும் நியூட்ரி-கிரேடு குறியீடு 2022 டிசம்பர் 30-இல் பாக்கெட் பானங்களுக்கும் இயந்திரத்தில் ஊற்றித் தரும் பானங்களுக்கும் வந்தது, அடுத்த ஆண்டு அதே நாளில் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நீண்டது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் ‘டி’, விளம்பரம் கூடாது. ஆனால் சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. ஒரு ஃபெலோவுக்கு இது பொறுக்கவில்லை. சர்க்கரை எல்லா இடத்திலும் சர்க்கரைதானே என்று நான்கு பத்தி எழுதிவிட்டார். சரி, காலை எட்டு மணிக்கு ஒரு காபிக்கடையில் போய் நின்றுவிட்டு வாங்க என்று அனுப்பினேன். ‘தே’ என்று இங்கே சொல்லும் தேநீரைக் கலக்குகிறவர் கெட்டிப்பால் டின்னைச் சாய்க்கிறார், கண் அளவுதான். ஒருவர் ‘சியூ தாய்’, அதாவது இனிப்பைக் குறை, என்கிறார், அடுத்தவர் வாயே திறப்பதில்லை, அவர் முகத்தைப் பார்த்தே இன்னொரு சாய்ப்பு விழுகிறது. இதில் எந்தக் குவளைக்கு என்ன எழுத்து ஒட்டுவது, யார் வந்து அளப்பது?

அடுத்த வரைவில் விலக்கை நீக்கும் பத்திகள் இல்லை. பெரிய உணவு நிலையங்களை நடத்துபவர்கள் கேட்காமலே இனிப்புக் குறைந்த தே கொடுக்க அவர்களுக்கு என்ன தேவைப்படும் என்று கேட்டிருந்தார். அதிலும் இரண்டு இடத்தில் சிவப்பு மை போட்டேன், அது வேறு விஷயம்.