விலை உயர்ந்த பிஸ்டல்: காசுக்குத் தகுமா என்று கண்டுபிடிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ, கடையில் பிஸ்டலுக்கு முழுப் பணம் கட்டினாலும் அது அன்றே கைக்கு வராது. துப்பாக்கி கையாளும் தகுதிச் சான்றிதழ் முதலில் வேண்டும். பிறகு அந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணைப் போட்டு லைசென்ஸுக்கு மனுச் செய்ய வேண்டும். அது வரும்வரை பிஸ்டல் கடைக்காரரின் பெட்டகத்திலேயே இருக்கும், மாதக்கணக்கில் ஆகலாம். தற்காப்புக்கென்று 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒருவருக்கு ஒன்றே ஒன்றைத்தான் அனுமதிக்கிறது. பிடிக்கவில்லை, வேறு வாங்கலாம் என்றால் மனு மறுபடியும் முதலிலிருந்து. அதனால் சோதனையெல்லாம் பணம் கட்டுமுன் முடிந்துவிட வேண்டும்.

ஒப்பிட ஒரு அளவுகோல் தேவை. 9 மிமீ பாராபெல்லம் தோட்டா போடும் கிளாக் 17 பிஸ்டலை வைத்துக்கொள்ளுங்கள். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட வடிவம். நன்றாகச் சுடும், பராமரிப்பு குறைவு, உதிரிகள் எங்கும் கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ராண்டும் மூன்றில் ஒன்றுக்குப் போகிறது: நல்ல உலோகம், கையால் பொருத்திய வேலை, பெயர். முதல் இரண்டுக்குக் காசு கொடுங்கள். மூன்றாவது, திருப்பி விற்கும் நாளில் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

கடை மேஜையில்

பிஸ்டலைக் கையில் வாங்கியதும் குழாயை (பேரல்) சுவர்ப்பக்கம் திருப்பி, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேலே முன்பின் நகரும் ஸ்லைடைப் பின்னிழுத்துப் பூட்டி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் பார்த்துக் கொடுத்திருந்தாலும் நீங்களும் பார்க்க வேண்டும். தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை அழுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1911 (பழைய அமெரிக்க ராணுவப் பிஸ்டல் வடிவம்), அதிலிருந்து வந்த 2011 ஆகிய வகைகளில் காலி சேம்பர் மேல் ஸ்லைடை அப்படியே விட்டு அடிக்கவிடாதீர்கள். ஹேமரை (சுடும் சுத்தி) ஏற்றிய நிலையில் பிடித்து நிறுத்தும் துண்டு சியர்; நுணுக்கமாகத் தீட்டிய அதன் முனை அந்த அடியில் மழுங்கும்.

ஸ்லைடு மூடியிருக்கும்போது, தோட்டா வெளியேறும் திறப்பில் தெரியும் பேரலின் பின்முனையைக் கட்டைவிரலால் பலமாகக் கீழே அழுத்துங்கள். நல்ல பிஸ்டலில் அது அசையவே கூடாது. லேசாகக் கீழிறங்கி மேலே வந்தால் பூட்டும் இடம் தளர்வு என்று பொருள். அந்தத் தளர்வு ஒவ்வொரு சூட்டிலும் வேறு வேறு அளவில் வரும், குழு, அதாவது இலக்கில் குண்டுகள் விழும் கொத்து, அகலும். பலர் ஸ்லைடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து ‘ஆடுகிறது’ என்று முகம் சுளிக்கிறார்கள். துல்லியத்தில் அந்த ஆட்டத்துக்குப் பங்கு சிறிது. பேரல் ஒவ்வொரு முறையும் ஸ்லைடோடு ஒரே இடத்தில் உட்காருவதுதான் பெரிது. ஸ்லைடுக்கும், கைப்பிடி உள்ள அடிப்பகுதியான ஃப்ரேமுக்கும் இடையே மயிரிழைகூட இடைவெளி இல்லாத பிஸ்டல் மணலும் புகைக்கரியும் சேர்ந்தால் முதலில் நிற்கும்.

பிறகு கழற்றுங்கள். சின்ன டார்ச்சும் உருப்பெருக்கியும் போதும். பேரலின் வாய் விளிம்பு வட்டமாக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். அங்கே ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் குண்டு வெளியேறும் கணத்தில் சாயும். தோட்டா ஏறிப்போகும் சரிவு வழவழப்பாக இருக்கிறதா, ஸ்லைடின் உட்புறத்தில் கட்டர் ஓடிய வரிகள் ஆழமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே பளபளப்பு, உள்ளே அரம் தேய்த்த கோடுகள் என்றால் கொடுக்கும் காசு வெளிப்பூச்சுக்குப் போயிருக்கிறது.

சுட்ட தோட்டாக்கூட்டைச் சேம்பரிலிருந்து இழுத்தெடுக்கும் கொக்கிதான் எக்ஸ்ட்ராக்டர். அதைச் சோதிக்க வெடிக்காத ஒரு டம்மி தோட்டா போதும். பேரலை எடுத்துவிட்டு, தோட்டாவின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் மாட்டி ஸ்லைடை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தோட்டா விழாமல் தொங்க வேண்டும்; விரலால் தட்டினால் விழ வேண்டும். பிடிக்கவே இல்லையென்றால் கொக்கி தளர்வு, தட்டினாலும் நகரவில்லையென்றால் இறுக்கம் அதிகம். உள்ளே இருக்கும் வகை எக்ஸ்ட்ராக்டர் கொண்ட 1911களில் காசோலை எத்தனை பெரிதாக இருந்தாலும் இதைச் செய்யாமல் வராதீர்கள். விலை உயர்ந்த 1911களில் தோட்டா சிக்குவதற்கு அடிக்கடி காரணம் இதுவே.

ட்ரிக்கர்

கடைக்காரரிடம் ட்ரிக்கர் எடை பார்க்கும் கருவி இருக்கும், கேளுங்கள். கிளாக்கில் ஏறக்குறைய 2.5 கிலோ. போட்டிக்கென்று செய்த செக் நாட்டு சிஇசட் ஷேடோ 2இல் ஹேமர் ஏற்றிய நிலையில் ஏறக்குறைய 1.5 கிலோ. எண் சின்னதாக இருப்பதைவிட மாறாமல் இருப்பதுதான் முக்கியம். பத்து முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் 150 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால், உயர்ந்த விலைக்கு உரிய வேலை அங்கே நடக்கவில்லை. தற்காப்புக்கு இடுப்பில் வைக்க 1.5 கிலோ ட்ரிக்கர் வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து; பதற்றத்தில் விரல் தானாகவே இறுகும்.

அடுத்து, ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து, கையாலேயே மெல்ல மூடுங்கள். ஹேமர் உள்ள பிஸ்டலில் அது ஏறியபடியே நிற்க வேண்டும். இப்போது விரலை மெல்ல விடுங்கள். ‘டிக்’ என்று தெளிவாக ஒரு சத்தம் கேட்கும். அந்த இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறது, அது விரலுக்குத் தெரிகிறதா என்பதில்தான் போட்டித் துப்பாக்கிக்குக் கொடுக்கும் காசு தெரியும். 1911 வகையில் இன்னும் ஒன்று: ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, ட்ரிக்கரைப் பலமாக அழுத்தி விட்டு, சேஃப்டியை எடுத்த பின் ஹேமரைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னிழுங்கள். அமைதியான இடத்தில் செய்யுங்கள். சிறு ‘டிக்’ கேட்டால் சேஃப்டி சியரை முழுதாகப் பிடிக்கவில்லை. அந்தப் பிஸ்டலை வைத்துவிட்டு வாருங்கள்.

சுடுதளத்தில்

நீங்கள் வாங்கப்போகும் அதே துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க முடியாவிட்டாலும், அதே மாடலை வாடகைக்குத் தரும் சுடுதளத்தைத் தேடிப் பிடியுங்கள். சட்டத்தின் 91ஆம் பிரிவு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆனால் அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில் வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பது அந்தக் கணக்கில் வராது.

மேஜையில் மணல்மூட்டை வைத்து 25 மீட்டரில் ஐந்து ஐந்தாக ஐந்து குழு சுடுங்கள். ஒரே ஒரு குழுவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதிர்ஷ்டம் ஒரு குழுவை அழகாக்கும், ஐந்தையும் அழகாக்காது. மூன்று வகைத் தோட்டாவாவது போடுங்கள்: பிரிட்டோரியாவின் பிஎம்பி நிறுவனத்தின் 115 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு), ஒரு 124 கிரெயின், தற்காப்புக்கு நீங்கள் வைக்கப்போகும் வகை. சாதாரணப் பணிப் பிஸ்டல் 75 முதல் 100 மிமீக்குள் போட்டால் போதும். இரட்டிப்பு விலை கேட்கும் பிஸ்டல் சராசரி 50 மிமீக்குள் வர வேண்டும். உங்கள் கை 25 மீட்டரில் 150 மிமீ போடுகிறதென்றால், அந்த 50 மிமீக்குக் கொடுக்கும் காசு இன்றைக்கு உங்களுக்குப் பயன்படாது.

கையால் இறுக்கமாகப் பொருத்திய பிஸ்டல்களுக்கு 200 முதல் 500 ரவுண்டு பழக்கவேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்வதுண்டு. அந்தத் தோட்டாச் செலவும் விலையில் சேர்த்தி. ஒரு ரவுண்டு 6 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் 500க்கு 3,000 ராண்ட். அதற்குப் பிறகும் நல்ல மேகசினும் நல்ல தோட்டாவும் போட்டு நூறுக்கு ஒன்று சிக்கினால், ‘இன்னும் பழகவில்லை’ என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

வீட்டில் தோட்டா நிரப்பிச் சுடுபவர்கள் கவனிக்க: சிஇசட் சேம்பரின் முன்பகுதி குட்டை. கிளாக்கில் ஓடிய தோட்டா அதில் முழுதாக உட்காராமல் ஸ்லைடு பாதியில் நிற்கலாம். கழற்றிய பேரலில் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். ‘டொக்’ என்று விழுந்து தடையின்றிச் சுழல வேண்டும்.

உதிரியும் உப்புக்காற்றும்

ஷேடோ 2இல் ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பிடிக்கும் ஸ்லைடு ஸ்டாப் ஊசி நிறையச் சுடுகிறவர்களுக்கு உடையும் பொருள். பெரெட்டா 92இல் பேரலுக்குக் கீழே இருக்கும் பூட்டுக்கட்டை தேயும், உடையும். இவை குறை என்று சொல்ல மாட்டோம். தேயும் பொருள் தேயும். கேள்வி, அது இந்த நாட்டில் கையிருப்பில் உண்டா என்பதே. எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கப் போலீஸ்) பயன்படுத்தும் இசட்88 பிஸ்டல் பெரெட்டா 92இன் உள்ளூர்ப் பதிப்பு. அதன் மேகசின் 92க்கும் பொருந்துவது நமக்கு லாபம். அபூர்வமான 2011 ஒன்று வாங்கி ஒரு ஸ்பிரிங்குக்காக அமெரிக்காவைப் பார்த்துக் காத்திருந்தால், எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் அது பெட்டகத்தில் தூங்கும் இரும்பு. சுட்டதும் ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் பல மாடல்களில் 3,000 முதல் 5,000 ரவுண்டுக்குள் மாற்ற வேண்டியது. பேரல், ஃப்ரேம் இரண்டும் தனித்தனியாகவே லைசென்ஸுக்கு உட்பட்டவை; பேரல் மாற்றுவது கடையில் ஸ்பிரிங் வாங்குவது போல் முடியாது. பேரல் ஆயுளைக் கேட்டு வாங்குங்கள். மேகசின் ஒன்றின் விலையையும் கேளுங்கள், ஐந்தால் பெருக்குங்கள்.

டர்பன், டோங்காட், ஸ்டேங்கர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பூச்சு அலங்காரம் அல்ல. சாதாரண நீலப்பூச்சு, வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் கைப்பிடிக்கு மேலே ஸ்லைடின் ஓரத்தில் செம்புள்ளிகளாகத் தொடங்கும். நைட்ரைடு, கடினக் குரோம், டிஎல்சி (வைரம் போல் கடினமான கரிப்பூச்சு) இவை தாங்கும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும் சில வகைகள் உப்பில் புள்ளிவிடும். பெட்டகத்தில் ஈரம் உறிஞ்சும் பை ஒன்று போட்டுவிடுங்கள். லைசென்ஸ் வரும்வரை கடைக்காரரின் பெட்டகத்தில் கிடக்கும் மாதங்களுக்கும் இது பொருந்தும். வாங்கும் நாளில் எண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) வைக்கும் வெட்டு உள்ள ஸ்லைடுக்குக் கூடுதல் காசு கேட்டால், இடைத்தட்டு ஸ்லைடில் ஆட்டமின்றி உட்காருகிறதா, திருகுகள் எத்தனை மரை பிடிக்கின்றன என்று பாருங்கள். இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்தால் சில நூறு ரவுண்டில் தளரும், புள்ளி இடம் மாறும்.

கணக்கு

கடைசியில் தாளில் போட்டுப் பாருங்கள். அளவுகோல் பிஸ்டலுக்கும் நீங்கள் விரும்புவதற்கும் வித்தியாசம் 30,000 ராண்ட் என்றால், மேலே சொன்ன 6 ராண்ட் கணக்கில் அது 5,000 ரவுண்டு. மாதம் 200 சுட்டால் இரண்டு வருடத்துக்கும் மேற்பட்ட பயிற்சி. வீட்டுப் பாதுகாப்புக்கு மட்டும் வாங்குகிறவர் அந்த 5,000 ரவுண்டை எடுத்துக்கொள்வதே நல்லது. வேகமும் துல்லியமும் பார்க்கும் ஐபிஎஸ்சி சுடும் போட்டிக்குப் போகிறவர், மாதத்துக்கு நானூறு ஐந்நூறு சுடுகிறவர், ஷேடோ 2இன் ஏறக்குறைய 1.33 கிலோ எடையும் தாழ்வாக உட்கார்ந்த ஸ்லைடும் இரண்டாவது சூட்டைச் சீக்கிரம் இலக்குக்குக் கொண்டுவருவதை முதல் போட்டியிலேயே உணர்வார். அவருக்கு அந்தக் காசு தகும். அதே எடையை நாள் முழுக்க இடுப்பில் சுமக்கப்போகிறவர், வாங்குமுன் 1.3 கிலோ அரிசிப் பையை பெல்ட்டில் கட்டி ஒரு நாள் நடந்து பார்க்கட்டும்.