திருகோணமலையில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால்: ஜீவனி கரைக்கத் தெரிந்துகொண்டு போங்கள்

ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மருந்துப் பையில் பரசிட்டமோல் இருக்கும், நுளம்புக்குப் பூசும் கிறீம் இருக்கும். வயிற்றோட்டத்துக்கு ஏதும் இருக்காது. திருகோணமலையில் அது கச்சான் காற்று அடிக்கும் காலம். கோணேசர் கோவில் ஏற்றம், நிலாவெளிக் கடல், புறாமலைக்குப் படகு என்று வெயிலில் திரிந்த பிள்ளை வியர்வையிலேயே பாதி வாடியிருக்கும். வழியில் ஐஸ் போட்ட சர்பத்தோ வெட்டி வைத்த பழமோ ஒத்துக்கொள்ளாமல் போய், இரவில் சத்தியும் வயிற்றாலடியும் தொடங்கினால் ஒரு வயதுப் பிள்ளைக்கு விடியும்வரைகூட அவகாசம் இராது.

பிள்ளையை ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் உடம்பை விட்டுப் போகும் நீரும் உப்பும்தான். ஆகவே ‘எப்படி நிறுத்துவது’ என்று ஓடாமல், போனதை உடனே திருப்பிக் கொடுக்கத் தொடங்குங்கள். முதல் தடவை தண்ணீராகப் போனதுமே தொடங்க வேண்டும். பெரியவர்கள் விழுங்கும் வயிற்றோட்டம் நிறுத்தும் குளிசையைப் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

இலங்கையில் இதற்கான உப்புச் சர்க்கரைத் தூளை எல்லோரும் ஜீவனி என்பார்கள். பார்மசியில் அப்படிக் கேட்டாலே தருவார்கள், விலையும் சொற்பம். புலம்பெயர்ந்த குடும்பங்கள் சறுக்கும் இடம் கரைக்கும் அளவு. இங்கிலாந்திலிருந்து கொண்டுபோகும் இதேபோன்ற தூளான டயரலைற் ஒரு பைக்கற்றை 200 மில்லிலீற்றரில் கரைக்க வேண்டும். ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் ஜீவனி பைக்கற் ஒரு லீற்றருக்கானது. பழக்கத்தில் அதை ஒரு கிளாசில் கரைத்தால் உப்பு பல மடங்காகி, பிள்ளைக்கு நஞ்சு போலாகிவிடும். எந்தப் பைக்கற் என்றாலும் அதில் போட்டிருக்கும் அளவை வாசியுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் வாங்கினால் அளவும் சரி, சுத்தமும் சரி. கடையில் ஒன்றரை லீற்றர் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும், கவனம். கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதித்தாறிய பிறகு கரையுங்கள். கரைத்ததைத் திரும்பக் கொதிக்க வைக்காதீர்கள், 24 மணி நேரம் தாண்டினால் ஊற்றிவிடுங்கள். பாலிலோ சோடாவிலோ கலக்கக் கூடாது.

பைக்கற்றே கிடைக்காத இடத்தில், ஒரு லீற்றர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கைக்கணக்கு வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை வெளியே போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேல் 100 முதல் 200. மடமடவென்று குடிக்க விட்டால் அப்படியே சத்தி எடுக்கும். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் தொடருங்கள். கரண்டியைத் தட்டிவிடும் பிள்ளைக்கு ஊசியில்லாத சிறிஞ்சால் கன்னப்பக்கம் விடலாம். குளிர வைத்தால் உப்புச் சுவை அவ்வளவு தெரியாது.

ஊர் வீட்டில் இன்னொரு சங்கடம், அன்பு. அம்மம்மா மல்லித் தண்ணீர் பருக்குவார், மாமா இஞ்சிச் சோடா வாங்கி வருவார், பக்கத்து வீட்டு அன்ரி இளநீர் கொடுத்தனுப்புவார். கடைசியில் பிள்ளை எவ்வளவு குடித்தது, எத்தனை தரம் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. கரண்டி ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். அவரே நேரத்தைக் குறித்து வைக்கட்டும், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். சோடாவின் சீனி குடலுக்குள் இன்னும் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் போதாது. கூடவே கொடுக்கலாம், ஜீவனிக்குப் பதிலாக அல்ல. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, குழைந்த சோறு, தயிர், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடல் ஆறத் தாமதமாகும்.

கண் உட்குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், நாக்கு உலர்ந்து, தண்ணீரைக் கண்டதும் பறித்துக் குடிக்கிறதா? நீரிழப்பு தொடங்கிவிட்டது. அப்போது வைத்தியசாலைகளில் கிலோவுக்கு 75 மில்லிலீற்றர் கணக்கில் நான்கு மணி நேரத்துக்குள் கொடுப்பார்கள். பத்துக் கிலோப் பிள்ளைக்கு 750. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகவே தணிவது, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுப்பது, மலத்தில் இரத்தம், ஓயாத சத்தி, ஆறு மணி நேரமாகப் பம்பஸ் நனையாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் எதற்கும் காத்திராமல் போங்கள்.

எங்கே போவது? நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை. கிண்ணியா, மூதூர் பக்கம் நிற்பவர்களுக்கு அங்கேயே ஆதார வைத்தியசாலைகள் உண்டு. 1990 இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ‘கொழும்பில் நல்ல பிரைவேட்டுக்குக் கொண்டு போவோம்’ என்று இரவோடு இரவாக வான் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹபரணைக் காடு தாண்டிப் பல மணி நேரம், துவண்டுபோன பிள்ளையோடு! காசு இருக்கிறது என்பதற்காகச் செய்யும் வேலை அல்ல அது. முதலில் பக்கத்து வைத்தியசாலை. போகும் வழியிலும் கரண்டி ஓயக் கூடாது.

அங்கே போய் ‘சேலைன் ஏற்றினால்தான் சுகம் வரும்’ என்று மல்லுக்கட்டவும் வேண்டாம். 1971இல் வங்க தேசப் போர் அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, மேற்கு வங்கத்தின் போங்கான் முகாமில் சேலைன் தீர்ந்துபோனது. வைத்தியர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை உறவினர் கையாலேயே பருக்கச் செய்தார். முப்பது வீதம் வரை இருந்த இறப்பு நான்கு வீதத்துக்கும் கீழே வந்தது. நோயுற்ற குடலிலும் குளுக்கோஸ் சோடியத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போகும், அவற்றின் பின்னால் நீரும் போகும். கடும் நீரிழப்பில் இருக்கும் பிள்ளைக்கும் குடிக்கவே முடியாத பிள்ளைக்கும்தான் சேலைன்.

வைத்தியர் சிங்க் (துத்தநாகம்) மருந்தும் எழுதித் தரலாம், வழக்கமாக 10 முதல் 14 நாட்களுக்கு. வயிற்றோட்டம் நின்ற பிறகும் அதை முடிக்க வேண்டும், எனவே திரும்பிப் பறக்கும்போது மிச்சத்தைக் கைப்பையில் வையுங்கள்.